இரண்டாம் பாகத்தில் கழுதை இல்லை

முதல்பாகத்தார் என்று ஒரு சாதி இருக்கிறது. பதற வேண்டாம், கல்யாணத் தரகர் இரண்டாவது கேள்வியாகக் கேட்கிற சாதி இல்லை இது. எந்த மதத்திலும், எந்தத் தோட்டத்திலும், கோயில் கமிட்டியிலும், சேர்ச் பாடகர் குழுவிலும் பிறக்கக்கூடியது. அடையாளமும் சுலபம். எதற்கெல்லாம் இரண்டாவது என்று ஒன்று வருகிறதோ, அதற்கெல்லாம் முன்னால் போய் நின்று, கையைக் கட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "முதல்ல வந்த மாதிரி வராதுங்க" என்பார்கள். பண்டாரவளை பேக்கரிக்காரர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கடை திறந்தால், மீன் வைத்த மாலுபாணைக் கடிப்பதற்கு முன்பே சொல்வார்கள். வெலிமடை பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தால், முதல் வளைவு தாண்டுவதற்குள் பழைய டிரைவரை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். அதே வளைவில் அந்தப் பழைய டிரைவர் அவர்களை ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுக்க வைத்தவர் என்பது வேறு கதை. இரண்டாவது பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், தொட்டிலை எட்டிப் பார்த்து, "மூத்தது இந்த வயசுல இன்னும் கொழுகொழுன்னு இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு, கொடுத்த கேக்கையும் தின்றுவிட்டு வருவார்கள்.

இவர்களைத் திருத்த முடியுமா? முடியாது. வேடிக்கை பார்க்கலாமா? தாராளமாக.

அப்படி ஒருவரை வேடிக்கை பார்க்க, பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள சந்துக்கு வர வேண்டும். அங்கே மிப்ரானின் கடை இருக்கிறது. முன்பக்கம் போன் திருத்துவது; துணித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் நான்கு டீவி, நான்கு கேம் பெட்டி, சனிக்கிழமைகளில் நாற்பது கால்கள். அந்த உள்ளறையின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் எட்வர்ட். வயது முப்பத்தைந்து. மின்சாதனக் கடையில் விற்பனையாளர். அங்கே அவர் சிபாரிசு செய்கிற ஃபிரிட்ஜைத் தவிர மற்ற எல்லா ஃபிரிட்ஜையும் ஜனங்கள் வாங்குவார்கள். வீட்டிலோ மனைவி ரொஷானி அவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு, தான் நினைத்ததைச் செய்வாள். மிப்ரானின் உள்ளறையில் மட்டும் அவர் சொல் சட்டம். அவர் "நல்ல கேம்" என்றால் அது நல்ல கேம். "குப்பை" என்றால் மிப்ரான் அதை வாங்கவே மாட்டான். உலகத்தில் எட்வர்ட்டின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பிருந்த ஒரே இடம் அது. அதனால் அதைத் தன் கண்ணைப்போலக் காத்து வந்தார்.

அந்த மதிப்பை அவர் சம்பாதித்தது "சாம்பல் தேசம்" என்ற கேமால். அதன் இங்கிலிஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் கடையில் அதற்கு அப்படிப் பெயர். உலகமே ஒரு பெரிய நெருப்பில் எரிந்து முடிந்திருக்கும். மிஞ்சிய சொற்பப் பேரில் ஒருவர் நீங்கள். பெயர், முகம், குணம், கைத்தொழில் எல்லாவற்றையும் நீங்களே தேர்ந்துகொண்டு, தகரப்பேணி பொறுக்கி, குடிக்கத் தண்ணீர் தேடி, எதிரே வருகிறவனோடு பேசுவதா சுடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்து, அந்தச் சாம்பலுக்குள் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். முதல் பாகத்தில் உங்களுக்குத் துணையாக ஒரு கழுதை வரும். பொறுக்கியதையெல்லாம் சுமக்கும், ஆபத்து வந்தால் உங்களுக்கு முன்னால் ஓடிவிடும். எட்வர்ட் அந்தப் பாகத்தை மூன்று முறை முடித்தவர். கழுதைக்கு "பெர்னார்ட்" என்று பெயரும் வைத்திருந்தார்.

இரண்டாம் பாகத்துக்கு முன்னோட்டம் வந்தது. கடையே கூடி ஒரு போனில் பார்த்தது. முடிந்ததும் எல்லோரும் எட்வர்ட்டின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டினார். தலை சாய்ந்தது.

"கழுதை எங்கடா?"

கழுதை இல்லை.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதப்பட்டது. கழுதை இல்லாத உலக அழிவு என்ன உலக அழிவு என்று கேட்டார். மூட்டையை யார் சுமப்பது என்று கேட்டார். இதையெல்லாம் எடுத்தவன் ஒருநாளாவது மலையில் மூட்டை தூக்கியிருப்பானா என்று கேட்டார். கடைசியில் உணர்ச்சி மேலிட்டு எழுந்து நின்று, இந்த இரண்டாம் பாகத்தைத் தன் கையால் தொடப்போவதில்லை என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சபதம் செய்தார். அந்த இடத்தில் யாராவது கைதட்டியிருக்கக் கூடாது. தட்டிவிட்டார்கள். கைதட்டப்பட்ட சபதத்தை ஆயுசுக்கும் சுமந்துதானே ஆக வேண்டும்?

கேம் வந்தது. ஜனங்கள் கேட்டதால் மிப்ரான் தயங்கித் தயங்கி ஒன்று வாங்கினான். எட்வர்ட் தொடவில்லை, ஆனால் விளையாடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறை சொன்னார். நியாயமாகப் பேசுவோம், பல குறைகள் உண்மையானவையே. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குள் நுழையும்போது திரை இருண்டு ஒரு சக்கரம் சுற்றும். அது நிற்பதற்குள் பசறையில் கிளம்பிய பஸ் பதுளைக்கு வந்து ஆட்களை இறக்கிவிடும். வில்லன் சுடுவதற்கு முன்னால் தன் சின்ன வயசுக் கஷ்டங்களைச் சொல்லத் தொடங்குவான், அவன் முடிப்பதற்குள் பாதிப்பேர் அவனை மன்னித்துவிடுவார்கள். ஒரு சமையற்காரன் தொலைத்த கரண்டிக்காக மூன்று மலை ஏறி இறங்கி வந்தால், நன்றி சொல்லிவிட்டுச் சட்டிமூடியையும் காணோம் என்பான். தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் எல்லோரும் கேனோடு வரிசையில் நிற்பார்கள். இதற்கு எதற்கு கேம், தட்டுப்பாட்டுக் காலத்தில் நாம் மண்ணெண்ணெய்க்கு நின்றதை வீடியோ எடுத்திருந்தாலே போதுமே என்று எட்வர்ட் சொன்னபோது கடை குலுங்கியது.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு பையன் மட்டும், "ஆனா அண்ணன், நல்லாத்தானே போவுது" என்றான். அவனை எட்வர்ட் பார்த்த பார்வையில் அவன் இடைவேளை விட்டு ரோல்ஸ் வாங்கப் போய்விட்டான்.

முதல்பாகத்தாரின் துயரம் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்கும் கண் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த அந்த ஒரு வாரத்தில், அந்தச் சாம்பல் தேசத்தில் மழை பெய்ததை எட்வர்ட்டின் கண் பார்த்துவிட்டது. முதல் பாகத்தில் மழையே கிடையாது. இதிலோ தூரத்து மலையில் முதலில் இருட்டி, காற்று திரும்பி, தகரக் கூரையில் ஒரு துளி, இன்னொரு துளி, பிறகு படபடவென்று... பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவருக்குத் தகரத்தில் மழை விழும் சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வாய், "சத்தம் ஓவர்" என்றது. உடம்பு புல்லரித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு, துட்டி கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பண்டாரவளைக்குப் போனார். தன்னைத் தெரிந்தவர் யாருமில்லாத ஒரு கடையில் இரண்டாம் பாகத்தை வாங்கி, சட்டைக்குள் வைத்து, நெஞ்சைப் பிடித்தபடி ரயிலேறினார். எதிரே இருந்த அம்மா அவருக்கு நெஞ்சுவலி என்று நினைத்து இஞ்சி டொபி கொடுத்தார்.

ரொஷானியிடம் மட்டும் மறைக்க முடியாது, வீட்டில் இருப்பது ஒரே டீவி. அதனால், "கொறையை முழுசா தெரிஞ்சிக்கத்தான்" என்று விளக்கினார். அவள், "தெரிஞ்சிக்கங்க" என்றாள்.

தெரிந்துகொண்டார். மாலை ஐந்தரைக்கு வேலை விட்டு வந்ததும் தெரிந்துகொள்ளத் தொடங்கினால், சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டும் தெரிந்துகொண்டே இருப்பார். எல்லாவற்றையும்விட அவரை மயக்கியது இந்தப் பாகத்தின் ஜனங்கள். முதல் பாகத்தில் ஒருவனை அடித்துத் தண்ணீரைப் பிடுங்கிவிட்டு மறுபடி போனாலும், "வணக்கம் பிரயாணியே" என்பான். இதில் யாருக்கும் எதுவும் மறப்பதில்லை. நீங்கள் செய்த நல்லதை நினைவில் வைத்து வழியில் மறித்து ஒரு கிழங்கு தருவார்கள். செய்த கெட்டதை நினைவில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். ஒற்றைக் கண் மார்த்தா என்றொரு பெண் ஒரு நசுங்கிய பானையோடு வந்து சேர்ந்தாள். எட்வர்ட் அவளுக்குத் தன் கம்பளியைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எங்கே அலைந்துவிட்டு வந்தாலும் அவள் பானையில் ஒரு கரண்டி சூப் மிச்சம் இருக்கும். கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத ஒரு சிரிப்பை அந்த நாட்களில் ரொஷானி அவர் முகத்தில் பார்த்தாள்.

மறுநாள் கடையில் அதே முகம் கையைக் கட்டிக்கொண்டு, கழுதை இல்லாத அநியாயத்தைப் பேசும். குறைகள் மட்டும் நாளுக்கு நாள் நுணுக்கமாகிக்கொண்டே போயின. மூன்றாவது சுரங்கத்தின் இடப்பக்கக் கதவு திறக்கும்போது கிரீச்சென்று சத்தம் வருவது எரிச்சலாக இருக்கிறது என்றார் ஒருநாள். கடையில் யாரும் இன்னும் இரண்டாவது சுரங்கத்தையே தாண்டவில்லை. மிப்ரான் போன் திருத்துவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு மறுபடி குனிந்துகொண்டான்.

இந்தப் பாகத்தில் இன்னொரு புதுமையும் இருந்தது. உங்களை நம்பி வந்த ஜனங்களுக்கு நீங்களே ஓர் ஊர் கட்டலாம். சுவர், கூரை, கதவு எல்லாம் கையில். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். உலகம் பூராவும் விளையாடுகிறவர்கள் கோட்டை கட்டினார்கள், ஏரிக்கரையில் மாளிகை கட்டினார்கள், ஒருவன் கப்பலே கட்டினானாம். எட்வர்ட் என்ன கட்டினார்?

நீளமாக ஒரு கூரை. கீழே முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. கடைசியில் ஒரு பைப். மேலே மேட்டில், பூச்செடி நட்டு, வராந்தா வைத்து, தனக்கொரு பங்களா. விடிந்ததும் கொம்பு ஊதும். எல்லோரும் முற்றத்தில் வந்து பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்குக்கு, நிற்க வேண்டும். இன்னார் தண்ணீருக்கு, இன்னார் தகரம் பொறுக்க என்று எட்வர்ட் ஆள் பிரிப்பார். சொன்ன நிறை கொண்டுவராதவனுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சாப்பாடு. அவர் கெட்டவர் இல்லை. அந்த அறைகளில் பிறந்து, அந்தப் பைப்பில் வரிசையில் நின்று, அந்தக் கொம்பைச் சபித்துக்கொண்டு டவுனுக்கு வந்தவர்தான். ஆனால் ஊரைக் கட்டு என்று யாரோ சொன்னதும் கை தனக்குத் தெரிந்ததைக் கட்டிவிட்டது. அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

தேத்தண்ணியோடு வந்த ரொஷானிக்குப் பட்டது.

"என்னங்க, லயம் கட்டியிருக்கீங்க?"

"லயம் இல்ல, இது எடத்த மிச்சம் புடிக்கிற டிசைன்."

"பைப்பு ஒண்ணுதானா?"

"பைப்புக்கு இரும்பு வேணும். இரும்பு கெடைக்கிறது கஷ்டம்."

"பங்களாவுல மூணு ஓடுதே."

எட்வர்ட் பங்களாவிலிருந்த மூன்று பைப்புகளையும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, மேட்டுக்குத் தண்ணீர் ஏறுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் அதற்குள் உள்ளே போயிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் கொம்பு ஊதியது. யாரும் வரவில்லை. மறுபடி ஊதியது. ஜனங்கள் லயத்துக்கு முன்னால் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மார்த்தா, பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எட்வர்ட் ஆளுக்கொரு தகரப்பேணி மீன் கொடுத்துப் பார்த்தார். தொடவில்லை. துப்பாக்கியைக் காட்டிப் பார்த்தார். மார்த்தா தன் ஒற்றைக் கண்ணால் பார்த்த பார்வையில் உடனே உறைக்குள் போட்டார். அப்போது திரையில் நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது. முதல்பாகத்தார் முதல் பாகத்தில் இல்லாத எந்த அறிவிப்பையும் படிப்பதில்லை, அது கொள்கை. கண்ணில் பட்ட பொத்தானை அமுக்கினார்.

அமுக்கியிருக்கக் கூடாது. அந்த அறிவிப்பு சொன்னது இதுதான்: இந்த ஜனங்கள் இனி உங்களோடு நேரில் பேசமாட்டார்கள், வெளியாள் ஒருவர் வந்து சமாதானம் பேச வேண்டும், இரண்டாவது விடியலுக்குள் பேசாவிட்டால் ஊரைவிட்டு ஒரேயடியாகப் போய்விடுவார்கள், உங்கள் சிநேகிதர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பட்டுமா?

மிப்ரானின் கடையில் ஒரே நேரத்தில் நான்கு டீவியிலும் மணி அடித்தது. "எட்வர்ட் துரையின் ஊரில் வேலைநிறுத்தம். பேசித் தீர்க்க ஆள் தேவை." விளையாட்டில் அவர் தனக்கு வைத்திருந்த பெயர் அது; முதல் பாகத்துக் கணக்கோடு கடைச் சிநேகிதர்கள் எல்லோரும் கூடவே வந்திருந்தார்கள்.

ஓட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது எட்வர்ட் டீவிமேல் ஒரு துவாயைப் போட்டார். பிரயோசனமில்லை. உள்ளே வந்தவர்கள் இருவர். மிப்ரான் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தான். மற்றவன் ஜொனி, எட்வர்ட்டோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன், இப்போது தொழிற்சங்கக் காரியாலயமொன்றில் வேலை. கோரிக்கை என்ற சொல் இல்லாமல் அவனுக்குச் சோறுகூடக் கேட்க வராது. துவாயை எடுத்தான். லயத்தைப் பார்த்தான். பைப்பைப் பார்த்தான். பங்களாவை நெடுநேரம் பார்த்தான். அவன் சிரித்திருந்தால் எட்வர்ட் தாங்கியிருப்பார். அவனோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, காரியாலயத்தில் உட்காருவது போலக் கதிரையில் உட்கார்ந்தான்.

"தொழிலாளிங்க பக்கம் நான் பேசறேன். துரை பக்கம் யாரு?"

எட்வர்ட் ரொஷானியைப் பார்த்தார். அவள் எழுந்து போய் ஜொனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் கோரிக்கை, குடும்பத்துக்கு ஒரு தனி வீடு, வீட்டுக்கு ஒரு பைப். எட்வர்ட் உடனே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்ததாக மிப்ரான் பிற்பாடு சொன்னான். இரண்டாவது, கொம்பும் பெரட்டும் அரைப்பேரும் இன்றோடு ஒழிய வேண்டும். அதற்கும் தலையாட்டினார். தன் கையே தன்னை ஏமாற்றித் துரையாக்கிவிட்டதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மூணாவது," என்றான் ஜொனி. "ரெண்டாம் பாகம் நல்லாருக்குன்னு நீ வாயால சொல்லணும்."

"இத அந்த ஜனங்களா கேட்டாங்க?"

"சங்கம் கேக்குது."

பாருங்கள் இந்த அதிசயத்தை. தோட்டத்தில் பிறந்த ஒருவன் தன் ஜனங்களுக்கே துரையாகிப் போன கேவலத்தை அந்த மனிதர் ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டார். "நல்லாருக்கு" என்ற ஆறே எழுத்து தொண்டையில் நின்றுவிட்டது. இதைச் சொன்னால் மிப்ரானின் கடையில் இனி அவர் சொல்லுக்கு என்ன மதிப்பு? அந்த நல்ல நாற்காலியில் நாளைக்கு யார் உட்காருவார்?

பேரம் தொடங்கியது. "மோசம்னு சொல்ல முடியாது" என்று தருவதாகச் சொன்னார். அது கம்பெனிக்காரர்கள் சம்பளப் பேச்சில் சொல்வது என்று ஜொனி தள்ளிவிட்டான். "சில எடத்துல பரவால்ல" என்று ஒரு படி ஏறினார்.

"எந்த எடத்துல, மச்சான்?" என்று மிப்ரான் வெள்ளந்தியாகக் கேட்டான்.

அதற்குத்தான் காத்திருந்ததுபோல எட்வர்ட் ஆரம்பித்தார். மழை வருவதற்கு முன்னால் காற்று திரும்புவதைச் சொன்னார், உடைந்த கோபுரத்துக்குள் போனால் நம் காலடியே இன்னொருவர் நடப்பதுபோலக் கேட்பதைச் சொன்னார், ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனால் பத்து ஊர் தாண்டி அந்தப் பொய் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பதைச் சொன்னார், சுடாமல் பேசியே முழுக்கதையையும் முடிக்கலாம் என்பதைச் சொன்னார், மார்த்தாவின் சூப்பில் ஆவி பறப்பதைக் கையால் வரைந்து காட்டினார், எழுந்து நின்றார், நடந்தார், தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டார், முகமெல்லாம் விளக்கு ஏற்றினதுபோல இருந்தது. மூவரும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நல்லாருக்கு," என்றான் ஜொனி.

"பரவால்ல."

திரையில் இரண்டாவது விடியல் வெளுத்தது. ஜனங்கள் எழுந்து மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மார்த்தா பானையை நிமிர்த்தி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கீழே கொட்டினாள். கம்பளியை மடித்து பங்களாப் படியில் வைத்தாள். பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.

"போனா திரும்பி வரமாட்டாளாடா?"

"வரமாட்டா," என்றான் ஜொனி. "மொதல் பாகமா இருந்தா நாளைக்கே வந்து வணக்கம் சொல்லியிருப்பா. அதுல யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காதே."

எட்வர்ட் படியில் மடித்துக் கிடந்த கம்பளியைப் பார்த்தார்.

"நல்லாருக்கு."

"எதுங்க?" என்றாள் ரொஷானி.

"ரெண்டாம் பாகம். மொதல் பாகத்தவிட நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. போதுமா? சீக்கிரம் போடா, அவ பாலத்த தாண்டப் போறா."

ஜொனி பாய்ந்து போனிலேயே தன் கணக்கில் நுழைந்து, அந்த ஊருக்குள் ஓடி, பாலத்தின் நடுவில் மார்த்தாவை மறித்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு பானையை இறக்கினாள். அந்த வீட்டில் எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கிரிக்கெட் என்று நினைத்து ஸ்கோர் கேட்டார். அன்று பின்னேரம் பூராவும் நால்வரும் சேர்ந்து லயத்தை இடித்தார்கள். பங்களாவை எட்வர்ட் தானே இடித்தார், பூச்செடி உட்பட. ரொஷானி வீடுகளுக்கு இடம் குறித்தாள். ஒன்றுக்கொன்று முதுகு தொடக்கூடாது என்பதில் கறாராக இருந்தாள். மிப்ரான் பைப்புக்கு இரும்பு தேடி மலைமலையாக அலைந்து, கரண்டி தொலைத்த சமையற்காரனிடம் மாட்டிக்கொண்டு, சட்டிமூடிக்காகவும் போனான். எட்வர்ட் சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் பிடித்து, அது ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நிற்கவில்லை.

இதோடு ஓர் உயிர் திருந்தியது, முதல்பாகத்தார் தொகையில் ஒன்று குறைந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்?

மூன்றாம் பாகம் வரப்போவதாகச் செய்தி வந்த அன்று கடை ஒரு போனைச் சுற்றிக் கூடியது. முன்னோட்டம் ஓடி முடிந்தது. எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். ஆமாம், அதில் இன்னும் எட்வர்ட்தான். அன்றைக்கு அவர் "நல்லாருக்கு" என்று சொன்ன பிறகு அவர் சொல்லின் மதிப்பு ஏறிப்போயிருந்தது, வேண்டாவெறுப்பாகச் சொன்னவர் சொல்லுக்கு எப்போதும் கிராக்கி அதிகம். அவர் கையைக் கட்டினார். தலை மெல்லச் சாய்ந்தது.

"ரெண்டாம் பாகத்துல இருந்தாங்களே, அந்த மாதிரி ஜனங்க இதுல எங்கடா?"

கைதட்டினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் கையும் கட்டியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த ஒன்றைப் பார்த்து, பின்னால் ஒரு "ஆனா"வைத் தொங்கவிடாமல் நல்லாருக்கு என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? மருமகளின் குழம்பையா, பள்ளிக்கூடத்துப் புது அதிபரையா, புது பாலத்தையா? யோசிக்க நேரம் பிடிக்கிறது அல்லவா? பரவாயில்லை. இதோ இந்தக் கட்டுரையும் முடிகிறது, பக்கத்தில் இருப்பவர் எப்படி என்று கேட்கப் போகிறார், உங்கள் உதடு அசையத் தொடங்கியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது: "ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு. பின்பாதிதான்..."